எச்சூக்கா: நதியின் உயரத்தை வைத்து அறிய வேண்டிய ஊர்

மெல்போர்னிலிருந்து வடக்கே ஏறத்தாழ 220 கிலோமீட்டர் தொலைவில், மர்ரே நதியின் தென்கரையில் எச்சூக்கா இருக்கிறது. இக்கரை விக்டோரியா மாநிலம். எதிர்க்கரையில் இருக்கும் மோவாமா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஊர். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து, ஒரு மணி நேரம் நீராவிப் படகில் சுற்றி, மதிய உணவை முடித்துக்கொண்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அந்தப் படகுப் பயணம் அருமையானது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கோடையிலும் குளிரிலும், சில சமயம் தனியாகவும் சில சமயம் ஊரிலிருந்து வந்த பெற்றோருடனும் அங்கே போய்வந்தவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தோன்றுகிறது. நதி எந்தக் காலத்தில் எவ்வளவு உயரத்தில் ஓடியது, அந்த நதியின்மீதும் கரையின்மீதும் யாருக்கு உரிமை இருந்தது என்ற இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு போனால், எச்சூக்கா ஒரு நாளில் பார்த்து முடிக்கிற ஊராக இருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது மரத்தாலான படகுத்துறை. மேல்தளத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் வகை மரத்தைத் தூண்களாக நிறுத்தி, குறுக்குச் சட்டங்களை இரும்பு போல்ட்டுகளால் இறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகத் தளங்களை அமைத்திருக்கிறார்கள். மர்ரேயின் நீர்மட்டம் அந்தக் காலத்தில் ஒரே ஆண்டுக்குள் பல மீட்டர் ஏறி இறங்கும். தண்ணீர் எந்த உயரத்தில் நின்றாலும் ஏதாவது ஒரு தளத்தில் படகை அணைத்துச் சரக்கை இறக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த அடுக்கு. கீழ்த்தளத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் தூண்கள் பல ஆள் உயரத்துக்குப் போகின்றன. அடிப்பகுதி வண்டல் ஏறிச் சாம்பல் நிறமாகவும், அதற்கு மேலே மரத்தின் இயல்பான செம்பழுப்பாகவும் இருக்கிறது. போல்ட் தலைகளைச் சுற்றித் துரு கசிந்து, நூறாண்டுக்கும் மேலாக மரத்தில் கறுப்புக் கோடுகளாக வழிந்திருக்கிறது. கையை வைத்துப் பார்த்தால் மரம் கல்லைப் போல இறுகியிருக்கிறது. மேலே வண்டி ஓடிய தண்டவாளமும் கீழே படகு அணைந்த தளமும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதைக் கண்ணால் அளந்துவிட்டால், இந்த ஊர் எதை நம்பிப் பிழைத்தது என்பது விளங்கிவிடும்.

வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இந்த உயர வித்தியாசத்தைத் தங்கள் திட்டத்திலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நதி தாழ்ந்திருக்கும் நாள்களில் படகுக்கு இறங்கிப் போகிற தூரம் கூடிவிடுகிறது. மழை பெய்த மறுநாள் பலகைகள் வழுக்குகின்றன. என் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. டிக்கெட் வாங்கும் இடத்திலேயே அதைச் சொல்லி, படி குறைவான வழி எது, அன்றைக்குப் படகு எங்கே நிற்கும் என்று கேட்டுக்கொண்டதால் சிரமம் இல்லாமல் போயிற்று. அங்கே பணியில் இருப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பழகியவர்கள். கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

ஊரை உண்டாக்கியவர் ஹென்றி ஹாப்வுட். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பிறந்தவர். திருட்டுப் பட்டுத்துணியை வாங்கிய குற்றத்துக்காக 1834-இல் தண்டிக்கப்பட்டு, இன்று டாஸ்மேனியா என்று அழைக்கப்படும் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார். தண்டனைக் காலம் முடிந்து வடக்கே வந்தவர், 1850 வாக்கில் மர்ரேயில் ஓடம் விட ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு விக்டோரியாவில் தங்கம் கிடைத்தது; பெண்டிகோவின் தங்க வயல்களில் குவிந்த கூட்டத்துக்கு இறைச்சி தேவைப்பட்டது; வடக்கிலிருந்து ஓட்டிவரப்பட்ட ஆடுமாடுகள் நதியைக் கடக்க வேண்டியிருந்தது. ஓடத்தைக் கையில் வைத்திருந்தவர் செல்வந்தரானதில் வியப்பில்லை. 1859-இல் அவர் கட்டிய பிரிட்ஜ் ஹோட்டல் இன்றும் துறைக்கு அருகில் நிற்கிறது. ஊரைச் சுற்றும்போது அந்தக் கட்டடத்தின் முன் சற்று நின்று, அது நதியை எந்தக் கோணத்தில் பார்த்தபடி இருக்கிறது என்று கவனியுங்கள். ஓடத்துக்குக் காத்திருப்பவர் தங்குவதற்கும் குடிப்பதற்கும் வேறெங்கும் தேடிப் போக வேண்டியிராத இடத்தில்தான் அவர் அதை வைத்தார்.

மர்ரேயில் நீராவிப் படகு ஓடும் என்பதை 1853-இல் வில்லியம் ராண்டல், பிரான்சிஸ் கேடல் என்ற இருவர் தனித்தனியே ஓட்டிக் காட்டினார்கள். ஆனால் எச்சூக்காவை உயர்த்தியது படகு மாத்திரமன்று, ரயிலும்தான். 1864-இல் மெல்போர்னிலிருந்து பெண்டிகோ வழியாக இருப்புப்பாதை எச்சூக்காவை எட்டியது. மறு ஆண்டே படகுத்துறை கட்டும் வேலை தொடங்கிற்று. மர்ரே, மர்ரம்பிட்ஜி, டார்லிங் நதிகளின் கரைகளிலிருந்த பெரும் ஆட்டுப் பண்ணைகளின் கம்பளிப் பொதிகள், நீராவிப் படகுகள் இழுத்துவந்த பார்ஜு என்னும் சரக்குத் தோணிகளில் ஏறி இங்கே வந்து சேர்ந்தன. இங்கிருந்து ரயிலில் மெல்போர்ன் துறைமுகத்துக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் போயின. நியூ சவுத் வேல்ஸின் மண்ணில் விளைந்த செல்வம் சிட்னிக்குப் போகாமல் மெல்போர்னுக்குப் போவதற்கு வழிசெய்த ஊர் இது. எதிர்க்கரையிலிருந்து டெனிலிக்வின் வரை 1876-இல் ஒரு தனியார் நிறுவனம் போட்ட ரயில்பாதைகூட, நியூ சவுத் வேல்ஸின் 1,435 மில்லிமீட்டர் அகலத்தில் அமையாமல், விக்டோரியாவின் 1,600 மில்லிமீட்டர் அகலத்தில்தான் அமைந்தது. வணிகம் எந்தத் திசையில் இழுத்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 1878-இல் எழுந்த இரும்புப் பாலம் இன்றும் இருக்கிறது. துறையிலிருந்து நடந்தே போய்ப் பார்க்கலாம்.

1870-களில் ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய உள்நாட்டுத் துறைமுகமாக எச்சூக்கா விளங்கியது. துறையின் நீளம் 300 மீட்டருக்கும் மேல் வளர்ந்தது. ஆனால் அந்த வளம் அத்தனையும் தண்ணீரின் தயவில் நின்றது. டார்லிங் நதியில் மேலே போன படகுகள், வெள்ளம் வடிந்துவிட்டால் அடுத்த வெள்ளம் வரும்வரை மாதக்கணக்கில் சேற்றில் காத்துக் கிடக்க நேர்ந்தது. ரயிலோ எந்த மாதத்திலும் ஓடியது. 1882-இல் சிட்னியிலிருந்து ஹே என்ற ஊர்வரை பாதை வந்தபின் மர்ரம்பிட்ஜிக் கரையின் கம்பளி மெல்ல மெல்லச் சிட்னிப் பக்கம் திரும்பிற்று. பிறகு 1890-களின் பொருளாதார வீழ்ச்சியும், நூற்றாண்டின் இறுதியில் வந்த நெடிய வறட்சியும் சேர்ந்துகொண்டன. பயனில்லாமல் நின்ற துறையின் பெரும்பகுதியை, இரண்டாம் உலகப்போரின்போது 1944-இல், மெல்போர்னின் விறகுத் தட்டுப்பாட்டைத் தீர்ப்பதற்காகப் பிரித்தெடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இன்று நாம் காண்பது முழுத்துறையின் நான்கில் ஒரு பங்கு அளவுதான். எஞ்சிய துண்டே இவ்வளவு பெரிதாக இருப்பதைப் பார்த்துவிட்டு, அதன் இருபுறமும் வெறுமையாகக் கிடக்கும் கரையையும் பாருங்கள். துறை எதுவரை நீண்டிருக்கும் என்பதை மனம் தானாகவே கணக்கிடும்.

படகைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். 1866-இல் எச்சூக்காவிலேயே கட்டப்பட்ட அடிலெய்டு, மரத்தாலான அடிப்பகுதியைக் கொண்டு இன்னும் இயங்கும் துடுப்புச் சக்கர நீராவிப் படகுகளில் உலகிலேயே மிகப் பழமையானது என்று மதிக்கப்படுகிறது. மோவாமாவில் கட்டப்பட்ட பெவன்சி 1911-ஐச் சேர்ந்தது. மர்ரம்பிட்ஜிக் கரையின் ஓர் ஆட்டுப் பண்ணையின் பெயரைத் தாங்கியது. அலெக்சாண்டர் ஆர்பத்னாட் 1923-இல் கூண்ட்ரூக்கில் கட்டப்பட்டது. எம்மிலூ 1980-களில் வந்த புதிய படகு என்றாலும் அதற்குள் இருக்கும் நீராவி எந்திரம் 1906-ஐச் சேர்ந்தது. எந்தப் படகு எந்த நாளில் ஓடும் என்பது பராமரிப்பையும் நீர்மட்டத்தையும் பொறுத்து மாறும். அதனால் குறிப்பிட்ட படகில் ஏற வேண்டும் என்ற ஆசை இருந்தால், பயணத்துக்கு முந்தின வாரமே விசாரித்து உறுதிசெய்துகொள்வது நல்லது. விறகு எரித்து ஓடும் படகா, டீசலில் ஓடும் படகா என்றும் தெளிவாகக் கேளுங்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்.

ஏறியபின் மேல்தளத்துக்குப் போக அவசரப்பட வேண்டாம். எந்திரத்துக்கு அருகிலேயே முதல் கால் மணி நேரம் நில்லுங்கள். அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து, கைநீள ரெட் கம் கட்டையை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தும் அந்தச் சில நொடிகளுக்குள் முகத்தில் அனல் வந்து அறைகிறது. எண்ணெய் பளபளக்கும் தண்டு ஒன்று முன்னும் பின்னும் போய்வர, அதன் அசைவு சுழற்சியாக மாறிப் பக்கவாட்டுச் சக்கரத்துக்குப் போவதை ஒளிவுமறைவில்லாமல் கண்ணெதிரே பார்க்கலாம். சக்கரப் பலகைகள் தண்ணீரை அடிக்கும் தாளம் கால் வழியாக உடம்புக்குள் ஏறுகிறது. குழந்தைகளுக்கு இதைவிட நல்ல அறிவியல் பாடம் கிடைக்காது. ஒரே ஒரு எச்சரிக்கை: கோடை மதியத்தில் அந்த இடத்தில் வெப்பம் தாங்க முடியாது. ஆதலால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போகிறவர்கள் அன்றைய முதல் படகிலேயே ஏறுவது உத்தமம்.

ஒரு ஜனவரி மாதம் அப்பாவுடன் போயிருந்தபோது அவர் எந்திரத்தைவிட நதியைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தஞ்சைப் பக்கம் ஆற்றுப் பாசனத்தை நம்பி வயல் பார்த்தவர். "ஏம்ப்பா, மழையே காணோம், இப்படி வெயில் கொளுத்துது. ஆத்துல மட்டும் இவ்வளவு தண்ணி எப்படி ஓடுது?" என்று கேட்டார். எச்சூக்காவைப் பற்றி இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. இயற்கையாக விட்டிருந்தால் மர்ரே குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பெருகி, கோடையின் கடைசியில் மெலிந்துவிடும். ஆல்பரிக்கு அருகே 1936-இல் கட்டி முடிக்கப்பட்ட ஹியூம் அணையும், 1979-இல் முடிந்த டார்ட்மவுத் அணையும் அந்தப் பெருக்கைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாசனத்துக்குத் தேவைப்படும் கோடையில் திறந்துவிடுகின்றன. எச்சூக்காவுக்குக் கீழே 1923-இல் அமைந்த டொரம்பரி கதவணை நீரைத் தேக்கி நிறுத்துவதால் ஊருக்கு முன்னே நதி எப்போதும் நிறைந்தாற்போல இருக்கிறது. நதியின் பருவமே தலைகீழாகிவிட்டது. இதை அப்பாவிடம் சொன்னபோது, "அப்போ கரையில நிக்கிற மரத்துக்கெல்லாம் எப்போ தண்ணி?" என்று அடுத்த கேள்வியைப் போட்டார்.

அந்தக் கேள்விக்கான பதில் பார்மா காட்டில் இருக்கிறது. எச்சூக்காவிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேலே ஆகும். நதியின் இருகரையிலும் பரந்திருக்கும் பார்மா, மிலேவா காடுகள் சேர்ந்து உலகிலேயே மிகப் பெரிய ரெட் கம் காடாகின்றன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் நில அதிர்வுகளால் இங்கே நிலம் ஒரு நீண்ட வரம்பாக மேலெழும்பி, மேற்கே போய்க்கொண்டிருந்த நதியை மறித்தது. கேடல் பிளவு என்று புவியியலாளர்கள் இதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். மறிக்கப்பட்ட நதி திசைமாறி, குறுகிய தடத்தில் புகுந்து ஓடுகிறது. அளவுக்கு மேல் வரும் தண்ணீர் கரை தாண்டிக் காட்டுக்குள் பரவியதால்தான் இந்த மரங்கள் வளர்ந்தன. குளிர்கால வெள்ளம் வராமற்போனால் அவை நோஞ்சானாகி, பறவைகள் கூடு கட்டுவதும் குறைந்துவிடும். அதனால்தான் இப்போது காட்டுக்கென்றே ஒரு பங்கு தண்ணீரை ஒதுக்கித் திறந்துவிடுகிறார்கள். இந்தப் பங்கீடு விவசாயிகளுக்கும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களுக்கும் இடையே தீராத வழக்காகவே இருக்கிறது. இரு தரப்பின் நியாயமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் காடு வாய்திறந்து கேட்க முடியாத தரப்பு என்பதால் என் மனம் அந்தப் பக்கமே சாய்கிறது. காட்டுக்குள் நடக்கும்போது மரங்களின் அடியைப் பாருங்கள். பழைய வெள்ளம் எதுவரை நின்றது என்பதைப் பட்டையின் நிறமாற்றமே சொல்லிவிடும்.

அதே மரங்கள் ஆபத்தானவையும்கூட. காற்றே இல்லாத வெப்பமான நாளிலும் ரெட் கம் திடீரென்று பெரிய கிளையை உதிர்க்கும் இயல்புடையது. நிழல் கிடைக்கிறதே என்று அதன் கீழ் காரை நிறுத்துவதும், கூடாரம் அடிப்பதும், குழந்தைகளை உட்கார வைத்துச் சாப்பாடு போடுவதும் கூடாது. நம்மவர்கள் கூட்டமாகப் பொதிசோறு கட்டிக்கொண்டு போகும்போது இதைத்தான் முதலில் மறக்கிறார்கள். கிளைகளின் வீச்சுக்கு வெளியே இடம் பாருங்கள்.

நதியில் குளிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேலே பார்க்க மர்ரே சோம்பலாக ஓடுவதுபோலத் தோன்றும். ஆனால் தண்ணீர் கலங்கலானது. அடியில் மூழ்கிக் கிடக்கும் மரங்கள் கண்ணுக்குத் தெரியாது. கரையிலிருந்து இரண்டடி வைத்ததும் ஆழம் சட்டென்று கூடும். அந்த மரக்கட்டைகளை ஒரு காலத்தில் படகுகளுக்கு இடைஞ்சல் என்று பிடுங்கி எறிந்தார்கள். இப்போது மீன்கள் தங்கி இனம் பெருக்க அவை வேண்டும் என்று பல இடங்களில் திரும்பவும் போடுகிறார்கள். நீச்சல் தெரிந்தவர்களும் பாய்ந்து குதிக்கக் கூடாது; குழந்தைகளுக்கு உயிர்காப்புச் சட்டை கட்டாயம் வேண்டும்.

மீன் பிடிப்பவர்களுக்கு எல்லைச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். இரு மாநிலங்களின் எல்லை நதியின் நடுவில் ஓடுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தென்கரையின் மேல்விளிம்புதான் எல்லை. ஆகவே தண்ணீர் முழுதும் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்தது. 1980-இல் நாட்டின் தலைமை நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் ஒரு கொலை வழக்கிலேயே இதை முடிவுசெய்ய வேண்டியிருந்தது: சுட்டவர் கரையின் மேலே நின்றார், சுடப்பட்டவர் தண்ணீர் ஓரத்தில் இருந்தார், எந்த மாநிலம் விசாரிப்பது என்பதே கேள்வி. நமக்கு இதில் உள்ள நடைமுறைப் பாடம், விக்டோரியாக் கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டாலும் நியூ சவுத் வேல்ஸின் மீன்பிடி உரிமம் வேண்டும் என்பது. மர்ரே காட் மீனை செப்டம்பர் முதல் நவம்பர் முடியப் பிடிக்கத் தடை உண்டு. மற்ற மாதங்களிலும் 55 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 75-க்கு மேற்பட்டதையும் திரும்ப நதியில் விட்டுவிட வேண்டும்.

இந்த எல்லை வெறும் சட்டப் புதிர் அன்று. 2020 ஜூலையில் கொரோனாவுக்காக மாநில எல்லையை மூடியபோது, ஒரே ஊராக வாழ்ந்த எச்சூக்காவும் மோவாமாவும் பாலத்தில் வைத்து இரண்டாகப் பிரிக்கப்பட்டன. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, இதே எல்லையைக் கடப்பதே விடுதலையாக இருந்த மக்களும் உண்டு. அவர்களுடைய வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் எச்சூக்காவைப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நதியும் நிலமும் யோர்டா யோர்டா மக்களுடையவை. நதியை அவர்கள் டுங்காலா என்கிறார்கள். 2022 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்கும் அந்தப் பெயரே வைக்கப்பட்டிருக்கிறது. எச்சூக்காவில் கப்பல் சாமான் கடை வைத்திருந்த டேனியல் மேத்யூஸ் என்பவர் 1874-இல் நதியின் மேற்பகுதியில் மலோகா என்ற இடத்தில் இம்மக்களுக்காக ஒரு மிஷன் பள்ளியைத் தொடங்கினார். 1881-இல் மலோகா ஆண்கள், தங்கள் சொந்த நிலத்தில் ஒரு பகுதியையாவது தங்களுக்கு ஒதுக்கும்படி ஆளுநருக்கு மனுக் கொடுத்தார்கள். அதே ஆண்டு அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தவர் தாமஸ் ஷட்ராக் ஜேம்ஸ். மொரிஷியஸில் இந்தியப் பெற்றோருக்கு 1859-இல் பிறந்தவர் அவர். பின்னாளில் பூர்வகுடி உரிமைகளுக்காகப் போராடிய வில்லியம் கூப்பரின் சகோதரி ஏடாவை மணந்து, 1888-இல் மக்கள் கம்மரகஞ்சா என்ற குடியிருப்புக்கு இடம்பெயர்ந்தபோது உடன் போய், 1920-கள் வரை அங்கேயே கற்பித்தார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும் என்று அரசு நினைத்த காலத்தில், தங்கள் உரிமையை எழுத்தில் கேட்கத் தெரிந்த ஒரு தலைமுறையை அவர் உருவாக்கினார். கூப்பரும், பின்னாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநராக 1976-இல் பதவியேற்ற டக் நிக்கோல்ஸும் அந்தப் பள்ளியோடு தொடர்புடையவர்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறிய நம்மவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இந்த ஆசிரியரின் கதையைச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். இந்தியத் துணைக்கண்டத்தின் வழிவந்த ஒருவர் இந்த நாட்டின் பூர்வகுடிகளோடு உறவாகி, அவர்களில் ஒருவராகவே வாழ்ந்த வரலாறு மெல்போர்னிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறது.

கம்மரகஞ்சாவில் மக்கள் திருத்திப் பயிர்செய்த நிலம் பின்னர் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது, பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள், உணவும் சுகாதாரமும் மோசமாயின. முதியவரான கூப்பர் மெல்போர்னுக்குப் போய் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் சங்கத்தைத் தொடங்கி, பிரிட்டிஷ் மன்னருக்கென 1,800-க்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார். அரசு அந்த மனுவை மன்னருக்கு அனுப்பவே இல்லை. ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்டதைக் கண்டித்து 1938 டிசம்பர் 6 அன்று மெல்போர்னிலிருந்த ஜெர்மானியத் துணைத் தூதரகத்துக்குக் கண்டனத் தீர்மானத்தோடு நடந்து சென்றவரும் அவர்தான். அடுத்த இரண்டு மாதங்களில், 1939 பிப்ரவரி 4 அன்று, கம்மரகஞ்சாவின் மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் குடியிருப்பை விட்டு வெளியேறி, நதியைக் கடந்து விக்டோரியாக் கரையில் பார்மாவுக்கு அருகே முகாமிட்டார்கள். குடியிருப்பை நிர்வகித்த நியூ சவுத் வேல்ஸ் அரசு வாரியத்தின் அதிகாரம் விக்டோரியாக் கரையில் செல்லாது என்பதால் அவர்கள் நதியைக் கடந்ததற்கு அவ்வளவு பொருள் இருந்தது. யோர்டா யோர்டா மக்கள் தங்கள் பாரம்பரிய நில உரிமைக்காகத் தொடுத்த வழக்கை 2002-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. எனினும் 2010-இல் பார்மா தேசியப் பூங்கா உருவானபோது அதன் நிர்வாகத்தில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது.

இதைப் படித்துவிட்டு கம்மரகஞ்சாவுக்குக் காரை ஓட்டிப்போய்ச் சுற்றிப் பார்க்க நினைக்க வேண்டாம். அது இன்றும் குடும்பங்கள் வாழும் இடம். அழைப்பில்லாமல் நுழைவது முறையன்று. விக்டோரியாப் பக்கத்தில் பார்மா பூங்காவுக்குப் போய், நதிக்கரையில் நின்று எதிர்க்கரையைப் பார்த்தாலே போதும். காட்டுக்குள் உள்ள மண்பாதைகள் மழைக்குப் பிறகு மூடப்படுவதுண்டு. பூங்காக்களை நிர்வகிக்கும் பார்க்ஸ் விக்டோரியாவின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சாதாரணக் காரை ஈரமான களிமண் பாதையில் இறக்காதீர்கள். அங்கே கடைகள் இல்லை என்பதால் குடிநீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றி எச்சூக்கா மக்களிடம் பேசும்போது மென்மையாகப் பேசுவது நல்லது. 2022 அக்டோபரில் மர்ரே, காம்பஸ்பி, கோல்பர்ன் ஆகிய மூன்று நதிகளும் ஒருசேரப் பெருகின. நீர்மட்டம் 1993-இன் வெள்ளத்தைத் தாண்டியது. ஊரைக் காப்பாற்றக் குடியிருப்புத் தெருக்களின் குறுக்கே அவசரமாக மண்கரை எழுப்பினார்கள். கரைக்கு உட்பட்ட வீடுகள் தப்பின. நதிப் பக்கம் விடப்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் வந்தது. ஒரே தெருவில் வாழ்ந்தவர்களைப் பிரித்த அந்தக் கோடு எங்கே போக வேண்டும் என்று யாரோ முடிவெடுக்க வேண்டியிருந்தது. தெற்கே இருக்கும் ரோச்செஸ்டர் அதைவிடக் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. நார்தர்ன் ஹைவேயில் ஹீத்கோட் வழியாக வருகிறவர்கள் ரோச்செஸ்டரைக் கடந்துதான் வர வேண்டும். அங்கே நிறுத்தி ஒரு தேநீராவது வாங்கிக் குடித்தால் அந்த ஊர்க் கடைகளுக்கு உதவியாக இருக்கும்.

கார் இல்லாதவர்கள் மெல்போர்னின் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து பெண்டிகோ வழியாக வி-லைன் ரயிலில் போகலாம். 2023 மார்ச் முதல் மாநிலத்துக்குள் ரயில் கட்டணம் மெல்போர்ன் நகரின் நாள் கட்டணத்துக்கு மேல் போவதில்லை. எச்சூக்கா நிலையத்திலிருந்து துறைக்கு நடந்தே போய்விடலாம். ஆனால் பார்மாவுக்குப் போகக் கார் வேண்டும். எச்சூக்காவுக்கு ரயில்கள் அடிக்கடி இல்லாததால், திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்துவிட்டுப் படகுக்கு முன்பதிவு செய்யுங்கள்.

எப்போது போவது என்று கேட்டால், மார்ச் கடைசியிலிருந்து மே வரை என்பேன். பகலில் இதமான வெயில், ஈக்களும் குறைவு. ஜூன் மாத அரசர் பிறந்தநாள் விடுமுறையில் நீராவி எந்திரத் திருவிழா நடக்கிறது. பிப்ரவரியில் நதியில் படகு இழுக்கும் நீர்ச்சறுக்குப் பந்தயம் நடக்கிறது. இந்த நாள்களில் அறை வாடகை ஏறிவிடும். திருவிழாவுக்காகவே போகிறவர்கள் சில மாதங்களுக்கு முன்பே அறை பிடிக்க வேண்டும். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்த வாரங்களைத் தவிர்க்க வேண்டும். வெப்பமான மாதங்களில் கொசுவை அலட்சியம் செய்யக் கூடாது. 2022-இன் தொடக்கத்தில் வடக்கு விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் பன்றிப் பண்ணைகளில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்டது. அந்தியில் நதிக்கரையில் இருப்பவர்கள் நீளக்கைச் சட்டையும் கொசு விரட்டியும் இல்லாமல் இருக்க வேண்டாம். நீண்ட நாள் தங்குகிறவர்கள் தடுப்பூசி பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

சைவ உணவுக்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு ஏதாவது கையில் வைத்திருப்பது நல்லது. சமையலறைகள் எட்டு மணியளவில் மூடிவிடும் இடங்கள் உண்டு. சமையல் வசதி உள்ள அறையாகப் பார்த்து எடுத்தால், ஒரு குக்கரும் கொஞ்சம் அரிசி பருப்பும் பெற்றோரோடு போகிற பயணத்தைப் பெரிதும் எளிதாக்கிவிடும். இரவு தங்காமல் திரும்புகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் ஹீத்கோட்டைத் தாண்டிவிடுமாறு கிளம்ப வேண்டும். அந்தி வேளையில் கங்காருக்கள் முன்னறிவிப்பின்றிச் சாலையில் பாயும். அதற்கு நேரம் இடங்கொடுக்காவிட்டால் இரவு தங்கிவிட்டு, காலையில் நன்றாக விடிந்தபின் புறப்படுங்கள்.